மார்கழியில் பொரித்த குஞ்சுகள்

கொடைக்கானலுக்கும் மேலே, பஸ் திரும்ப இடமில்லாததால் வந்த வழியே பின்பக்கமாக உருண்டு இறங்குகிற சாம்பலூத்து என்னும் ஊரில், கார்த்திகை விளக்கு வைத்த பிறகு யாரும் கோழியை அடை வைப்பதில்லை. வைத்தால் மார்கழியில் பொரிக்கும், மார்கழியில் பொரித்தது தையில் விறைக்கும், தையில் தப்பியது மாசியில் போகும் என்பது அங்கே பூண்டு போடுகிற அத்தனை பேருக்கும் தெரியும். தைப்பனி தரையைத் துளைக்கும், மாசிப்பனி மச்சைத் துளைக்கும் என்பது கீழே இருப்பவர்களுக்கு வெறும் பழமொழி, சாம்பலூத்துக்காரர்களுக்கு அது வீட்டுச் சமாசாரம். இதெல்லாம் தெரிந்தும் வேலுத்தாய் அந்த வருஷம் அடை வைத்தாள். அதற்கு அவளிடம் காரணம் இருந்தது, காரணமில்லாமல் எந்தக் கேடும் ஓர் ஊருக்குள் வருவதில்லை.

அவள் மகள் நாகஜோதி, கல்யாணமாகி ஊர்வாயெல்லாம் ஓய்ந்த பிறகு, ஒருவழியாக முழுகாமல் இருந்தாள். மாசியில் பிள்ளை பிறக்கும் என்றார்கள். தலைப்பிரசவத்துக்கு வந்த மகளுக்கு, தாய் தன் கையால் தீனி போட்டு வளர்த்த கோழியை அறுத்துத்தான் முதல் பத்தியச் சாறு வைக்கவேண்டும் என்பது அந்த மலையின் வழக்கம். கடைக்கோழி ஆகாது, இரவல் கோழி ஆகாது, அப்படி வைத்துக் குடித்தவளுக்குப் பால் சுரக்கவில்லை என்று கதை சொல்ல வீட்டுக்கு ஓர் ஆள் உண்டு. ஆனால் ஐப்பசியிலேயே வெள்ளைக்கழிச்சல் வந்து ஊரில் ஒரு கோழி மிச்சமில்லாமல் வாரிக்கொண்டு போயிருந்தது. வேலுத்தாய் கீழே சந்தைக்குப் போய் ஓர் அடைக்கோழியும் முட்டைகளும் வாங்கி வந்தபோது, ஊரில் விளக்கு வைத்துச் சில நாள் ஆகியிருந்தது.

பக்கத்து வீட்டுச் செல்லாயி வேலிக்கு அந்தப் பக்கம் நின்று பார்த்தாள்.

"வேணாம் மதினி. வெளக்கு வச்சாச்சு. இனிமே பொரிக்கிற குஞ்சுக்கு யாரு சூடு குடுப்பா?"

"தாய்க்கோழி குடுக்கும்."

"தாய்க்கோழிக்கு?"

"ஊருல இருக்குற சூட்டுல அதுவும் ஒரு பங்கு எடுத்துக்கட்டுமே, கொறஞ்சா போயிரும்?" என்று சொல்லி, கூடையில் உமியைப் பரப்பி, இடி தாக்காமலிருக்க ஓர் ஆணியும் கரித்துண்டும் வரமிளகாயும் போட்டு, முட்டைகளை ஒற்றைப்படையாக அடுக்கிக் கோழியை உட்கார வைத்தாள் வேலுத்தாய்.

மார்கழி பாதியில் முதல் உறைபனி விழுந்தது. விடிந்து பார்த்தால் புல்லெல்லாம் உப்புக் கொட்டினாற்போல் வெள்ளை. தாழ்வாரத்துக் கூடையில் தாய்க்கோழி கண்ணைத் திறந்தபடி கட்டையாக விறைத்துக் கிடந்தது. வேலுத்தாய் தலையில் அடித்துக்கொண்டு அழுதாள். மகளுக்காக அழுதாள், சந்தையிலிருந்து மடியில் வைத்துத் தூக்கி வந்த கோழிக்காகவும் கொஞ்சம் அழுதாள், அழுது மூக்கைச் சிந்துகிறபோது கோழிக்கு அடியிலிருந்து கீச்சென்று ஒரு சத்தம் வந்தது, பிறகு இன்னொன்று வந்தது, செத்த கோழியைத் தூக்கிப் பார்த்தால் அத்தனை முட்டையும் பொரித்து, குஞ்சுகள் ஈர ரோமத்தோடு ஒன்றையொன்று மிதித்துக்கொண்டு நின்றன. செத்த கோழி எப்படிப் பொரிக்கும் என்று ஊர் வந்து எட்டிப் பார்த்தது. ரொம்ப நேரம் யாரும் கேட்டுக்கொண்டிருக்கவில்லை, வெயில் ஏறுவதற்குள் பூண்டுத் தாளில் படிந்த பனியைத் தண்ணீர் தெளித்துக் கழுவாவிட்டால் பயிர் கருகிவிடும், அந்த வேலை கிடந்தது. வேலுத்தாய் தனக்கு இரண்டை வைத்துக்கொண்டு மற்றவற்றைக் கேட்ட வீடுகளுக்குக் கொடுத்துவிட்டாள். எல்லார் வீட்டிலும் கூடு காலியாக இருந்த நேரம், வேண்டாம் என்று ஒருவர் சொல்லவில்லை.

குஞ்சுகள் நடுங்கின. கணப்புச் சட்டிக்குப் பக்கத்தில் வைத்தாலும் நடுங்கின, கம்பளியில் சுற்றினாலும் நடுங்கின, நிறுத்தாமல் கத்தின. வேலுத்தாயின் புருஷன் வீரணனுக்குக் கோபம் எப்போதும் மூக்குக்கு மேலே உட்கார்ந்திருக்கும். "கத்திக் கத்திக் கொல்லுது சனியன்" என்று ஒரு குஞ்சைப் பிடித்து, கொல்லத்தான் போகிறான் என்று வேலுத்தாய் பதறுகையில், ஸ்வெட்டருக்குள் அக்குளில் செருகிக்கொண்டான். குஞ்சு அடங்கியது. கொஞ்ச நேரத்தில் அதை எடுத்துத் தரையில் விட்டான், அது அலகைத் திறந்து கொட்டாவி விட்டது, அலகிலிருந்து பீடி குடிப்பவன் மாதிரி புகை வந்தது. குளிர்நாட்டில் மூச்சு விட்டால் வாயில் புகை வருவது ஆச்சரியமில்லை. ஆனால் வீரணன் வாயில் அன்றைக்குப் புகை வரவில்லை. அவன் ஸ்வெட்டரைக் கழற்றிக் கொடியில் போட்டுவிட்டு, வெறுங்காலோடு உறைபனியை மிதித்துக்கொண்டு காட்டுக்குப் போனான். போகும்போது சர்க்கரை போட மறந்த காப்பியை ஒரு சொல் சொல்லாமல் குடித்திருந்தான். இத்தனை வருஷத்தில் வேலுத்தாய்க்கு அது புதுசு.

சாயந்தரத்துக்குள் விஷயம் ஊர் முழுக்கப் பரவியது. "எம்புருசனுக்கும் அப்படி ஆகுமா மதினி?" என்று குழாயடியில் பெண்கள் கேட்டுச் சிரித்தார்கள், சிரித்தவர்கள் வீட்டுக்குப் போய்க் குஞ்சைப் புருஷன் மடியில் விட்டார்கள். அதன் பிறகு சாம்பலூத்துக்கு அப்படி ஒரு சௌகரியம் வந்தது. குளிர் விட்டுப்போனவர்கள் இருட்டு பிரியும்போதே ஐஸ் மிதக்கிற தண்ணீரில் கையை விட்டுப் பூண்டுக்குத் தெளித்தார்கள், விறகு மிச்சமாயிற்று, கம்பளிகள் பெட்டிக்குள் போயின. செல்லாயியின் மகனும் கொழுந்தனும் வரப்புக்காகப் பல வருஷமாக வெட்டுப்பழி குத்துப்பழியாக இருந்தவர்கள், ஒரு காலையில் அடுத்தடுத்து நின்று தண்ணீர் தெளித்தார்கள். ஊரில் சண்டை நின்றது. சண்டையோடு சேர்ந்து பாட்டும் கேலியும் பிள்ளைகளைக் கொஞ்சுவதும் நின்றுபோயின, அதை எடுத்துச் சொல்ல யாருக்கும் தோன்றவில்லை. காலையில் ஆண்கள் டீக்கடை முன்னால் வாயில் புகையில்லாமல் நிற்க, அவர்கள் காலடியில் குஞ்சுகள் புகை விட்டுக்கொண்டு மேய்ந்தன.

ஜுரம் பார்க்க வந்த நர்சம்மா வீரணன் வாயில் கருவியை வைத்துப் பார்த்தாள், உதறி இன்னொரு தடவை வைத்தாள். "மெஷின் போயிருச்சு" என்று சொல்லிப் பைக்குள் போட்டுக்கொண்டு அடுத்த வண்டிக்கே இறங்கிவிட்டாள்.

தை பிறந்தது. குஞ்சுகளுக்குச் சிறகு முளைத்தது. சிறகு முளைத்தால் வாங்கிய சூட்டைத் திருப்பிக் கொடுத்துவிடும் என்று எல்லாரும் நம்பிக்கொண்டிருந்தார்கள், யார் சொன்னார்கள் என்று கேட்டால் எல்லாரும் சொன்னார்கள் என்பார்கள். கோழிகள் திருப்பிக் கொடுக்கவில்லை. வளர்ந்த உடம்புக்கு ஓர் ஆள் சூடு போதாமல் பல கோழிகள் மறுபடி நடுங்கின, மறுபடி கத்தின, வீட்டில் அடுத்த ஆள் எடுத்து மடியில் வைத்துக்கொண்டார். புருஷனுக்குப் பிறகு பெண்சாதி, அவளுக்குப் பிறகு மாமியார். ஊரோடு ஒத்து வாழ் என்று சொல்வது எளிது, இப்படியும் ஒத்து வாழவேண்டி வரும் என்று யார் கண்டார்கள்?

பால்ச்சாமி செத்தபோதாவது ஊர் விழித்துக்கொண்டிருக்கலாம். வேலுத்தாய்க்குக் கொழுந்தன் முறை அவன், ஒண்டிக்கட்டை. பட்டப்பகலில் பூண்டுக் களத்தில் மூட்டைக்குக் கயிறு கட்டிக்கொண்டிருந்தான். மேலே வட்டமிட்ட பருந்து இறங்கி, களத்தோரம் மேய்ந்த அவன் கோழியைக் கவ்விக்கொண்டு போயிற்று. அவன் அண்ணாந்து பார்த்தான், கையிலிருந்த முடிச்சைப் போட்டு முடித்தான், அந்த மூட்டையின் மேலேயே உட்கார்ந்தான். உச்சி வெயிலில் அவன் புருவத்தில் பனி பூத்தது, பூத்த பனி உருகவில்லை. தொட்டுப் பார்த்தபோது உயிர் இல்லை. யார் சூட்டைக் கோழி வைத்திருக்கிறதோ அவர் உயிரும் கோழியிடம்தான் இருக்கிறது என்று அன்றைக்கு எல்லாருக்கும் புரிந்தது.

புரிந்து என்ன செய்தார்கள்? கோழிகளை வீட்டுக்குள் ஏற்றினார்கள். கவிழ்த்து மூடுகிற பஞ்சாரக் கூடை போதாதென்று கட்டிலில் படுக்க வைத்தார்கள், ஜன்னலுக்குக் கம்பிவலை அடித்தார்கள், கோழி தூக்கம் கெடக்கூடாதென்று மனிதர்கள் மாட்டுக் கொட்டகையில் போய்ப் படுத்தார்கள். குளிர்தான் இல்லையே, எங்கே படுத்தால் என்ன?

இந்த நேரத்தில்தான் வளைகாப்பு முடிந்து நாகஜோதி தாய்வீடு வந்தாள். பஸ்ஸை விட்டு இறங்கியவளை வீரணன் பார்த்து, "வந்துட்டியா" என்றான். இத்தனை காலம் மகள் வருகிறாள் என்றால் கடைவீதியில் நின்று ஆள் ஆளுக்குச் சொல்லிக்கொண்டிருப்பவன், பையைக்கூட வாங்காமல் போய்விட்டான்.

"அப்பாவுக்கு என்னம்மா ஆச்சு? எம்மேல கோவமா?"

"கோவமா? அந்த மனுசன் கோவப்பட்டா நான் கெடா வெட்டுவேண்டி" என்று சொன்ன வேலுத்தாய், முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு அழுதாள். அவள் திட்டு வாங்காமல் இருக்கப் பழகவில்லை. அந்த வீட்டில் வாயில் புகை வருகிறவள் அவள் ஒருத்திதான், வேண்டுமென்றே அப்படி இருந்தாள். பேரப்பிள்ளையை ஏந்துகிற கை சூடாக இருக்கவேண்டும், மகளுக்கு வெந்நீர் பதம் பார்க்கிற விரலுக்குச் சுடவேண்டும். அதனால் பத்தியத்துக்கென்று வைத்திருந்த இரண்டாவது குஞ்சை அவள் ஒருநாளும் மடியில் விடவில்லை. அடுப்பங்கரையில் ஒரு பானையில் சுடுசாம்பலைப் போட்டு, அதில் வைத்து, குருணையும் கேழ்வரகும் போட்டு வளர்த்தாள். மற்றக் கோழிகளெல்லாம் கொழுத்துப் புகை விட்டுத் திரிய, அது மட்டும் எலும்பும் தோலுமாக நடுங்கிக்கொண்டு கிடந்தது.

நாகஜோதி வந்த நாளிலிருந்து அது பானையில் நிற்கவில்லை. அவள் உட்கார்ந்தால் எதிரில் வந்து நின்றது, அவள் படுத்தால் கால்மாட்டில் வந்தது, அவள் வயிற்றையே கழுத்தைச் சாய்த்துப் பார்த்தது. ஒரே இடத்தில் இரண்டு உயிரின் சூடு இருக்கிறதென்று அதற்கு யார் சொல்லிக் கொடுத்தார்களோ! வேலுத்தாய் அதைப் பிடித்துத் தரையில் அமுக்கினாள். பஞ்சாரத்தைக் கவிழ்த்து, மேலே அம்மிக்குழவியைத் தூக்கி வைத்தாள். அன்றைக்கே அதைத் தூக்கித் தோட்டத்துக்கு வெளியே எறிந்திருக்கலாம். எறிந்தால் சாறு எதில் வைப்பது? பத்தியக் கோழி இல்லாமல் தலைப்பிரசவம் பார்த்தவள் என்ற பேரை எங்கே கொண்டுபோய்க் கழுவுவது? அந்த வழக்கம் அவள் கழுத்தில் தாலிக்கு அடுத்தபடியாகத் தொங்கிக்கொண்டிருந்தது.

மாசி முதலில் ஒரு மத்தியானம், அவள் காட்டிலிருந்து வந்தபோது பஞ்சாரம் சாய்ந்து கிடந்தது. முற்றத்து வெயிலில் நாகஜோதி பாயில் படுத்துத் தூங்கிக்கொண்டிருந்தாள். அவள் வயிற்றின் மேல், சிறகை விரித்துப் பரப்பி, அடை உட்கார்ந்த மாதிரி கோழி உட்கார்ந்திருந்தது. வேலுத்தாய் அலறிக்கொண்டு ஓடி அதைப் பிடித்து எறிந்தாள். மகளை உலுக்கி எழுப்பினாள்.

"ஊது! வாயத் தெறந்து ஊதுடி!"

நாகஜோதி மிரண்டுபோய், தூங்கி வழிந்த கண்ணோடு, இழுத்துப் போய் நிறுத்திய நிழலில் நின்று ஊதினாள். புகை வந்தது. நல்ல வெள்ளைப் புகை. வேலுத்தாய் மகளைக் கட்டிக்கொண்டு சாமி பேரையெல்லாம் சொன்னாள். வேலியோரம் எழுந்து நின்ற கோழியின் அலகிலிருந்தும் புகை வந்தது, அதையும் பார்த்தாள். வெயிலில் கிடந்ததல்லவா, வெயில் சூடாயிருக்கும் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். அதற்குப் பிறகு "புள்ள முன்ன மாதிரி ஒதைக்கல, மெல்லமாத்தான் அசையுது" என்று நாகஜோதி சொன்னபோதும், "மாசம் நெறஞ்சா அப்படித்தான்" என்றாள். தாய் நம்ப வேண்டியதை நம்புவாள், வேறு என்ன செய்வாள்?

வலி எடுத்த அன்று காலையில் ஜீப்புக்காரன் காசிமாயனைக் கூப்பிட ஆள் போயிற்று. முன்பெல்லாம் பிரசவம் என்றால் சட்டையைக்கூடப் போடாமல் வண்டியை எடுக்கிறவன். அன்றைக்கு "வர்றேன்" என்றான், சட்டையைத் தேய்த்துப் போட்டான், கோழிக்குத் தீனி வைத்தான், டீ குடித்தான், வந்து சேர்ந்தபோது வீட்டுக்குள் பிள்ளை பிறந்திருந்தது. "பொறந்துருச்சா, சரி" என்று வண்டியைத் திருப்பிக்கொண்டு போனான்.

பெண் குழந்தை. வேலுத்தாயின் கையில் விழுந்தபோது ஓடைக் கூழாங்கல்லைத் தொட்டாற்போல் இருந்தது. அழவில்லை. இரண்டு கண்ணையும் அகலத் திறந்து வைத்துக்கொண்டு, மூச்சு விட்டுக்கொண்டு, பேசாமல் பார்த்தது. அந்தக் குளிரில் அதன் வாயில் இம்மி புகை இல்லை.

செல்லாயி வந்து பார்த்தாள். அவளிடமும் புகை இல்லாமல் போய் நாளாகியிருந்தது. "அழாத புள்ள நல்லதுதான மதினி. சளி பிடிக்காது. கோழிய மட்டும் பத்திரமாப் பாத்துக்கங்க" என்றாள். வந்தவர்கள் எல்லாரும் அதையேதான் சொன்னார்கள், சொல்லிவிட்டு, வேலுத்தாய் பிடித்து வந்து கட்டிலில் ஏற்றியிருந்த அந்தப் பத்தியக் கோழியைப் பார்த்துவிட்டுப் போனார்கள். வீரணன் வாசல்படியில் நின்று பேத்தியைப் பார்த்தான். "ஆமா, புள்ள" என்று சொல்லிவிட்டுத் தண்ணீர் தெளிக்கப் போனான்.

குழந்தை பால் குடிக்கவில்லை. நாகஜோதி மாரை வாயில் வைத்தால் வைத்தபடியே இருந்தது, எடுத்தால் எடுத்தபடியே இருந்தது. பெரியவர்களுக்குப் பழக்கம் என்று ஒன்று இருந்தது, பசிக்காவிட்டாலும் நேரத்துக்குச் சாப்பிட்டார்கள், ஆசையில்லாவிட்டாலும் நேற்றுச் செய்ததை இன்றும் செய்தார்கள். நேற்று என்பதே இல்லாத சிசு எதைப் பார்த்துக் குடிக்கும்? மறுநாளும் குடிக்கவில்லை. அதன் தொடைச் சதை வாடத் தொடங்கியது. கோழியை அறுத்தால் பால்ச்சாமிக்கு ஆனது ஆகும், அறுக்காவிட்டால் பட்டினியில் போகும்.

"அம்மா, எம்புள்ள செத்துருமாம்மா?" என்று நாகஜோதி கேட்டாள். அவள் மாரில் பால் கட்டி ரவிக்கை நனைந்திருந்தது.

வேலுத்தாய் கதவைச் சாத்தினாள். ரவிக்கையை அவிழ்த்தாள். குழந்தையை வாங்கிக்கொண்டு, உடனே அணைத்துக்கொள்ளாமல், கையில் வைத்து நன்றாகப் பார்த்தாள். நெற்றி வீரணன் நெற்றி, கோபக்காரக் கிழவனின் அதே மேடு. உச்சந்தலையை மோந்து பார்த்தாள். அவளுக்குப் பயமாக இருந்தது, நெஞ்சு வெடித்துவிடும்போல் பாசமாகவும் இருந்தது, இந்தப் பாசம் இன்னும் எவ்வளவு நேரம் என்று தெரிந்திருந்ததால் அதை அவசரப்படாமல் அனுபவித்தாள்.

"நாகு, குஞ்சுக்கு ஊரே குடுத்த மாதிரி எஞ்சூட்ட இதுக்குக் குடுத்துப் பாக்குறேன். இதுக்கப்புறம் நான் வெடுக்குன்னு ஏதாச்சும் பேசிட்டா மனசுல வச்சுக்காதடி. ஒன்னைய நான் எப்படிப் பெத்து வளத்தேன்னு ஒனக்கே தெரியும்."

"வேணாம்மா. என் சூட்ட எடுத்துக்கட்டும்."

"நீ பால் குடுக்கணும்."

குழந்தையை வெறும் மாரோடு சேர்த்து அணைத்து, மேலே முந்தானையைப் போர்த்திக்கொண்டாள். முதலில் விரல் நுனியிலிருந்து போயிற்று, பிறகு காலிலிருந்து, பிறகு வயிற்றிலிருந்து, கடைசியாக நெஞ்சில் எதையோ விடாமல் பிடித்துக்கொண்டிருந்தாள், அதுவும் நழுவியது. முந்தானைக்குள் குழந்தை வீறிட்டு அழுதது. நாகஜோதி பாய்ந்து வாங்கி மாரில் வைத்தாள், அது மூச்சு முட்ட, சத்தம் போட்டுக் குடித்தது. குடிக்கக் குடிக்க மூக்கிலிருந்து சின்னப் புகை வந்தது.

"அம்மா! குடிக்குதும்மா! இங்க பாரும்மா, குடிக்குது!"

வேலுத்தாய் பார்த்தாள். குழந்தை குடித்துக்கொண்டிருந்தது. மகள் சிரித்துக்கொண்டும் அழுதுகொண்டும் இருந்தாள். ரவிக்கையை மாட்டிக்கொண்டு எழுந்து அடுப்பங்கரைக்குப் போனாள். பிரசவமாகி இரண்டு நாள் ஆயிற்று, இன்னும் சாறு வைக்கவில்லை. மிளகு, சீரகம், பூண்டு எடுத்து வைத்தாள். உலையை ஏற்றினாள். கத்தியை எடுத்துக்கொண்டு திரும்பி வந்தாள்.

"கோழிய எடுத்துக் குடு."

நாகஜோதி நிமிர்ந்து பார்த்தாள். "அம்மா, அதுலதான புள்ளையோட உசுரு இருக்கு! நீ குடுத்தது ஒட்டுச்சா இல்லையான்னுகூட இன்னும் தெரியாது. பால்ச்சாமி சித்தப்பாவுக்கு என்ன ஆச்சுன்னு சொன்னியே?"

"ஆமா. செத்துப் போச்சு."

"தெரிஞ்சுமா கேக்குற?"

வேலுத்தாய் யோசித்துப் பார்த்தாள். யோசிக்கிற அளவுக்கு அதில் ஒன்றும் இருப்பதாக அவளுக்குத் தெரியவில்லை. "தலைப்பிரசவத்துக்குத் தாய்வீட்டுக் கோழி. அதுக்குத்தான வளத்தேன்" என்றாள். வெடுக்கென்று சொல்லவில்லை, பொறுமையாகத்தான் சொன்னாள். நாகஜோதிக்கு அந்தப் பொறுமைதான் பயமாக இருந்தது. பச்சை உடம்போடு எழுந்து, ஒரு கையில் குழந்தையும் ஒரு கையில் கோழியுமாக உள்ளறைக்கு ஓடித் தாழ்ப்பாளைப் போட்டாள், பெட்டியை இழுத்துக் கதவுக்கு அண்டக் கொடுத்தாள்.

வெளியே சாயந்தரப் பனி இறங்கத் தொடங்கியது. அடுப்பில் உலை கொதித்தது. வேலுத்தாய் கதவைத் தட்டவில்லை, கூப்பிடவில்லை. உள்ளே பேத்தி நல்ல சத்தமாக அழுவது காதில் விழுந்தது. கத்தியை மடியில் வைத்துக்கொண்டு, கதவு எப்போது திறந்தாலும் சரி என்று, அதற்கு எதிரில் உட்கார்ந்திருந்தாள்.